பாத்திரம் தேய்க்கும் கணவர்

மாலை வகுப்பில் இன்று பரீட்சை. "நீ கிளம்பு, பாத்திரத்த நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர். அவர் தேய்க்கத் தொடங்கியதும் மாமியார் நாற்காலி போட்டு அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் போனில் செய்தி சொல்ல, சின்ன மாமனார் குடும்பத்தோடு பார்க்க வந்துவிட்டார்.

"குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க," என்றாள் நாத்தனார்.

"வந்தவங்களுக்கு டீ போடும்மா," என்றார் மாமியார்.

போட்டேன். குடித்த டம்ளர்கள் எல்லாம் தொட்டியில் சேர்ந்தன. ஒரு தட்டை முடித்த கணவர், விரல் ஊறிவிட்டதென்று என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கழுவிவிட்டுப் போனால் பரீட்சை போய்விடும். போவது தப்போ என்று குழம்பியபடியே பையை எடுத்தேன்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"பரீட்சைக்கு, அத்தை. அவர் இன்னும் முடிக்கல. நீங்க உக்காந்து பாருங்க."