சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கனமான பொருள்

பல் டாக்டரம்மாவைச் சுற்றி ஒரு நிலா சுற்ற ஆரம்பித்ததும் கடைத்தெருவில் வாடகை ஏறியதும் ஒரே மாதத்தில்தான். இரண்டில் வாடகையைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். நிலா அப்படியொன்றும் பெரிதில்லை. கோலிக்குண்டைவிடப் பெரிது, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிது. சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள். டாக்டரம்மாவின் தோள் உயரத்தில், கை எட்டும் தூரத்தில், அவசரம் காட்டாமல் சுற்றி வந்தது. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற நேரத்தில் ஒரு சுற்று முடியும். பல் அடம்பிடித்தால் இரண்டு. நாற்காலிக்கு மேலே தொங்கிய விளக்குதான் அதற்குச் சூரியன். விளக்கைத் திருப்புகிற கோணத்துக்குத் தக்கபடி வளர்பிறையும் தேய்பிறையும் ஒழுங்காக நடந்தன. டாக்டரம்மா சற்று அதிகமாகக் குனிந்துவிட்டால் அவர் தலை நிழல் விழுந்து கிரகணமே பிடித்தது. வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தால் வலி தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் மரத்துப்போகிற ஊசியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாய் கொப்பளிக்க வைத்திருந்த டம்ளரில் தண்ணீர், நிலா போகிற பக்கமெல்லாம் லேசாக மேடு தட்டி அடங்கியது. கடலுக்கு நடப்பதுதான் டம்ளருக்கும் நடந்தது. பயன்தான் இல்லை, அலை வராது.

டாக்டரம்மாவின் அறைக்குப் பின்சுவர் ஒன்று. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பல்செட்காரரின் பட்டறை. பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஆள் ஒல்லி, பலத்த காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார் என்று தெருவில் கேலி உண்டு. புருவத்தில் எந்நேரமும் பிளாஸ்டர் தூள் படிந்திருப்பதால் நாற்பது வயதுக்குள்ளேயே பேரன் எடுத்தவர் மாதிரி இருந்தார். பேரன் என்ன, பெண்டாட்டியே கிடையாது. சுவரில் இரண்டு கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதன் வழியாக டாக்டரம்மா நோயாளியின் வாய் அச்சை நீட்டுவார். பல்செட்காரர் அதில் பிளாஸ்டரை ஊற்றி, வார்த்து, பல் அடுக்கித் திருப்பி நீட்டுவார். எட்டு வருஷமாக இருவரும் பேசிக்கொண்ட பேச்சையெல்லாம் ஒரு சோற்றுத் தட்டில் பரப்பிவிடலாம். "மேல் வரிசை." "சரி டாக்டரம்மா." "ரொம்ப வெள்ளை வேணாம், அவர் சிகரெட் குடிக்கிறவர், யாரும் நம்பமாட்டாங்க." "மஞ்சள் கூட்டிடறேன்." அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு அச்சின் ஓரத்திலும் டாக்டரம்மாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். வார்ப்பை எடுத்ததும் ஓரங்களைச் சீவிவிடுவது வழக்கம். பல்செட்காரர் எல்லா ஓரத்தையும் சீவுவார். அந்த ரேகை இருக்கிற ஓரத்தை மட்டும் கடைசி வரைக்கும் விட்டுவைப்பார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

நிலா வந்த பிறகு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது பின்சுவர்ப் பக்கம் வரும்போது வேகம் குறைந்து, பாதையை விட்டு வெளியே பிதுங்கி, திறப்பு வழியாகப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும், மீன் ஆய்கிற வீட்டு வாசலில் பூனை நிற்கிற மாதிரி. பல்செட்காரர் யோசித்துப் பார்த்து, எல்லாம் தன் மின்விசிறி செய்கிற வேலை, காற்றுதான் இழுக்கிறது என்று முடிவுகட்டினார். டாக்டரம்மா கையில் ஊசி வைத்திருக்கிற நேரத்தில் இது இடைஞ்சல் அல்லவா? விசிறியை நிறுத்திவிட்டார். அந்தக் கோடை முழுவதும் தொப்பலாக நனைந்துகொண்டே பல் அடுக்கினார். நிலா அப்போதும் எட்டிப் பார்த்தது. ஒருவேளை வேர்வை நாற்றத்துக்கு வருகிறதோ என்று சட்டையை நாளுக்கு இரண்டு முறை மாற்றினார். அது மூன்று முறை எட்டிப் பார்த்தது.

இதற்குள் விஞ்ஞானத்துக்குத் தகவல் போய்விட்டது. முதலில் வந்தவர் பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை நிபுணர். தெருவில் அவருக்குக் கட்டி டாக்டர் என்று பேர். இது உடம்பைவிட்டுப் பிரிந்து வெளியே வளர்கிற புதுவகைக் கட்டி, இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, ஆகவே ஆபத்தானது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா குழாய்க்குள் போனார். நிலா வெளியே நின்று இயந்திரத்தையே சுற்றி வந்தது. படத்தில் டாக்டரம்மா பூரண ஆரோக்கியமாக இருந்தார். அடுத்து வந்தவர் வானியல் பேராசிரியர். நான்கு எட்டுத் தூரத்தில் இருந்த நிலாவைப் பார்க்கத் தொலைநோக்கியைச் செருப்பு வைக்கிற பலகைமேல் நிறுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்த்தார், நன்றாகத் தெரிந்தது. நிலா எந்தத் துறைக்குச் சொந்தம் என்று இருவருக்கும் தகராறு முற்றி ஒரு குழு போட்டார்கள். குழு பல வாரம் கூடிப் பேசி, ஏராளமான டீ குடித்து, கை எட்டும் தூரம்வரை மருத்துவம், அதற்கு மேல் வானியல் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி டாக்டரம்மா கையை மடக்கினால் நிலா வானியலுக்கும், நீட்டினால் மருத்துவத்துக்கும் சேர்ந்தது. டாக்டரம்மா பல் பிடுங்குகிறவர், நாளெல்லாம் மடக்கி நீட்டுகிற கை. டாக்டரம்மாவின் அம்மா மட்டும் எந்தத் துறையையும் சேரவில்லை. "சுத்துறது சுத்தட்டும். பொண்ணு பார்க்க வர்றவன் மண்டையில இடிக்காம இருந்தா சரி." ஏற்கெனவே இரண்டு பேர் மண்டையில் இடித்திருந்தது.

கண்டுபிடிப்பு நடந்தது பேராசிரியரின் மூன்றாவது மாதத்தில். நிலாவின் பாதை சுவர்ப் பக்கம் பிதுங்குவதை அவர் அளந்துகொண்டே வந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பிதுக்கமே இல்லை. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பதைப் பேராசிரியர் அறியமாட்டார். விடுமுறை என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அவர் மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: முன்பொரு தடவை, வானத்தில் ஒரு கோள் தன் பாதையில் லேசாகத் தள்ளாடியது. யாரோ இழுக்காமல் அது தள்ளாடாது. காகிதத்தில் கணக்குப் போட்டு, இழுக்கிற ஆசாமி இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்றார்கள். அங்கே தொலைநோக்கியைத் திருப்பினால், அதுவரை யாருமே அறியாத ஒரு கோள் இருந்தது. அதே கணக்கை இங்கே போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சிறு குன்றின் எடையில், கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் அது எங்கோ போய்விடுகிறது. பேப்பரில் செய்தி வந்தது. மறுநாள் பேராசிரியர் நாலு மாணவர்களோடு சுற்றிப்போய்ப் பட்டறைக் கதவைத் திறந்தார். உள்ளே பல்செட்காரர் ஒரு கீழ்வரிசையை ராவிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே பழைய பேப்பர் கடைக்கு அழைத்துப்போய்த் தராசில் ஏற்றினார்கள். ஒரு வருஷத்துப் பேப்பர் கட்டு அவரைவிடக் கனம்.

பேராசிரியர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். "உள்ளுக்குள்ள வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"காலையில சாப்பிட்டதுதான் சார்."

விஞ்ஞானம் அதோடு நின்றது, தெரு நிற்கவில்லை. பல்செட்காரர் வெளியே தலைகாட்டினால் "பார்த்து, கனமான பொருள் வருது, சாக்கடைப் பலகை உடைஞ்சிடப் போகுது" என்று கடைக்குக் கடை எழுந்து நின்று வழிவிட்டார்கள். நாற்காலியில் மல்லாந்திருந்தவர்கள், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, சுவரையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரம்மா அவர்களுக்கு வழக்கத்தைவிடச் சற்று அழுத்தி வேலை செய்தார். திறப்பு வழியாக அச்சுகள் இப்போது வார்த்தையே இல்லாமல் வந்தன. பல்செட்காரருக்கு ஒரு நாள் கட்டி டாக்டர் தனியாக விளக்கம் சொன்னார்: இப்படி இழுத்துக்கொண்டே இருந்தால் ஒன்று நிலா பிய்த்துக்கொண்டு போய்விடும், அல்லது பாதை தவறி டாக்டரம்மாவின் நெற்றிப்பொட்டில் இடிக்கும். எட்டு வருஷமாகத் தான் ஒரு மனுஷியைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது பல்செட்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிலா அவரை எட்டிப் பார்க்கவில்லை, நிலாவுக்கு உரியவர்தான் பார்த்திருக்கிறார் என்கிற இன்னொரு பாதி அவர் மண்டைக்குள் நுழையவில்லை. தொலைதூரத்து ஊரில் பல்செட் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு எழுதிப்போட்டார். மாதக் கடைசியில் வரச்சொன்னார்கள்.

அந்தக் கடைசி வாரத்தில் டாக்டரம்மாவின் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். "இந்தப் பல்லு நீ கட்டினதுதான் தம்பி, நல்லாத்தான் கட்டியிருக்கே. இதை வெச்சே உன்னைத் திட்டிட்டுப் போறேன்" என்று ஆரம்பித்தார். மகள் நிலாவை எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தெருவே அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறது, என்னால் அவர் ஊரைவிட்டு ஏன் போகவேண்டும் என்கிறாள். "நீ அவளுக்குத் தொந்தரவு வேணாம்னு போறே. அவ உனக்குத் தொந்தரவு வேணாம்னு அறுத்துக்கிறா. ரெண்டு பேரும் நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் திறக்கிறா, தன் வாயைத் திறக்கமாட்டேங்கிறா. நீயோ ஊருக்கே பல்லு செஞ்சு கொடுக்கிறே, உனக்கு ஒரு நாக்கு செஞ்சுக்கக் கூடாதா?" பல்செட்காரர் நாக்கைத் தேடினார், கிடைக்கவில்லை. அம்மா போன பிறகு வெகுநேரம் கையில் ஒரு வார்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லா ஓரமும் சீவியாயிற்று, ஒன்று மட்டும் பாக்கி. அதை வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அந்த வார்ப்புக்குரிய கிழவருக்குப் பல் இரண்டு வாரம் தாமதமானது.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். பல்செட்காரரின் பஸ்ஸுக்கும் அன்றைக்கே டிக்கெட். கட்டி டாக்டர் கொண்டுவந்த கருவி அந்த வருஷத்தின் அதிசயம்: மயிரைவிட மெல்லிய கம்பியில் முடைந்த வலை, ரத்தக்குழாய்க்குள் நுழைந்து மூளைவரை போய் அடைப்பைக் கவ்விக்கொண்டு வருவதற்காகச் செய்தது. நிலாவுக்கு அது எம்மாத்திரம்? ஆனால் குளிரூட்டிய அறையில் டாக்டரம்மா படுத்ததும் நிலா வெருண்டுபோய் ஓட ஆரம்பித்தது. வலையை இங்கே நீட்டினால் அங்கே, அங்கே நீட்டினால் இங்கே. மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குக் கொடுக்கலாம், நிலாவுக்கு எப்படிக் கொடுப்பது? டாக்டரம்மா முழு விழிப்போடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேராசிரியர்தான் வழி சொன்னார்: இது வேகம் குறைகிற இடம் அந்தச் சுவர் ஒன்றுதான், சுவரைக் கொண்டுவர முடியாது, சுவருக்குப் பின்னால் இருப்பதைக் கொண்டுவரலாம். பஸ் நிலையத்துக்கு ஆள் ஓடியது. படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டிருந்த பல்செட்காரரை, பெட்டியும் கையுமாக, ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிவிட்டார்கள். நடுவில் புருவம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருவருக்கும் நடுவில் சுவர் இல்லாமல் இருப்பது அதுதான் முதல் தடவை. நிலா வேகம் தணிந்தது. டாக்டரம்மாவை ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, பல்செட்காரர் பக்கம் சாய்ந்து, அவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் அப்படியே. காற்றில் எட்டு எழுதுகிற மாதிரி, நிதானமாக, சொந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி. பேராசிரியர் பென்சிலைப் பையில் வைத்துவிட்டார். இரண்டு பொருள் என்றால் எத்தனை வருஷத்துக்கு வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்துவிட்டால் சில தனி நிலைமைகள் தவிர முழு விடை யாரிடமும் இல்லை, அது விஞ்ஞானத்தின் குற்றமில்லை என்றார். கட்டி டாக்டர் வலையை நீட்டியபடியே நின்றார். கையெழுத்துப் போட்டவர் ஒருவர், நிலாவோ இருவருக்கு. யாருடையது என்று தெரியாததை வெட்டியெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நர்ஸம்மா தாளை எடுத்துக்கொண்டு, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா நிலா ஒரு எட்டை எழுதி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி, மேல் வரிசை என்று சொல்கிற அதே குரலில், பல்செட்காரரிடம் சொன்னார்.

"இனிமே வெள்ளிக்கிழமையும் வந்துடுங்க."

பல்செட்காரர் முகமூடிக்குள் நாக்கைத் தேடினார். இந்தத் தடவை இருந்தது. "சரி டாக்டரம்மா" என்றார். பிறகு, "எத்தனை மணிக்கு?"

"எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான்."

நர்ஸம்மாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உறவு என்கிற இடத்தில் வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டார்.

கட்டி டாக்டர் அந்த வலையை அடுத்த அறையில் மூளையில் அடைப்போடு படுத்திருந்த ஒருவருக்குப் பயன்படுத்தினார். அவர் மறுவாரமே எழுந்து நடந்து வந்து பல் கட்டிக்கொண்டார். திறப்பை இடித்து வாசலாக்கினார்கள், கல்யாணமும் அந்த வாசலைக் கட்டிய கொத்தனார் முன்னிலையிலேயே எளிமையாக நடந்தது. மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு நிலா போகிற பாதையை யாரும் வரைய முயலவில்லை. அது கொடியில் காயும் துணிக்குள் புகுந்தெல்லாம் வந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்று, இரண்டு வரிசையும் கட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அவ்வப்போது வந்து அளந்து பார்ப்பார். வானத்து நிலா வருஷா வருஷம் நகம் வளர்கிற வேகத்தில் பூமியை விட்டு விலகிக்கொண்டே போகிறதாம். இது நகக்கண் அளவுகூட விலகவில்லையாம். சொல்லிவிட்டுத் தன் புதுப் பல்லால் சிரிப்பார். டாக்டரம்மாவின் அம்மா, "அதான் தெரியுதே" என்று டீயை நீட்டுவார். புதிதாக வருகிற நோயாளிகளுக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. நிலா வரும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளச் சொல்வார்கள், சாய்த்துக்கொள்வார்கள். பட்டறையில் பல்செட்காரர் இப்போதெல்லாம் விசிறியைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்.