முதுகில் போட்ட ஊசி

ஆபரேஷன் மேஜைமேல் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள். நாகபூஷணம் டாக்டரின் விரல் என் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு இறங்கியது.

மூத்திரக் குழாயில் மாட்டிய கல்லை எடுக்க இரண்டு வழி என்று முந்தின நாளே சொல்லியிருந்தார், பாதி தெலுங்கில், பாதி தமிழில். மூக்கில் ஈதர் என்ற மயக்கமருந்து வைத்து முழுசாகத் தூங்கவைக்கலாம். பஞ்சுத்தூசி ஏறிய என் நெஞ்சு அதைத் தாங்குமா என்பது சந்தேகம். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரக்கும், விழித்திருக்கலாம். கல் கீழ்க்குழாயில் மாட்டியிருப்பதால் அதுவே போதும்.

நகரியில் நான் தறிக்காரன். தறிக் குழிக்குள் காலை விட்டுப் பலகையை மிதித்தால்தான் சோறு. மரத்த கால் திரும்பாமல் போனால்? என் மனைவி கமலம்மாவுக்கும் அதே பயம்.

“தூங்கிக்கினு செத்தா எனக்குத் தெரியாது. கால் போனா தினம் தெரியும்,” என்றேன்.

“அப்ப தூங்கிடு.”

“தூங்கினா, உள்ளேருந்து அந்த டாக்டரு இன்னா எடுக்கறாருன்னு யாரு பாக்கறது?”

பக்கத்துக் கட்டில்களில், எல்லை பிரிப்பில் நகரி ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்று சண்டை. என் கால் எனக்கா என்பதற்கே பதில் இல்லை. ஊசிக்குச் சம்மதித்துக் கைநாட்டு வைத்தேன்.

ஊசி இறங்கியது. மல்லாக்கப் படுக்கவைத்து மார்புக்குக் குறுக்கே திரை மாதிரி துணி கட்டினார்கள். எதையும் பார்க்க முடியவில்லை. அங்கேயே ஏமாந்தேன்.

“வலிக்குதா?” என்றார் டாக்டர்.

ஒன்றும் தெரியவில்லை. ஒப்புக்கொண்டால் உடனே அறுப்பார். “வலிக்குது,” என்றேன்.

டாக்டர் துணிக்கு மேலாக என் முகத்தை எட்டிப் பார்த்தார்.

“பெரியவரே, இப்ப நாலு தரம் இடுக்கியால கிள்ளினேன். உன் மூஞ்சி சுளிக்கவே இல்ல. பொய் சொல்றவனுக்கு வைத்தியம் கஷ்டம்.”

நர்ஸம்மா சிரித்தாள்.

அறுத்து முடித்ததும் புளியங்கொட்டை அளவுக் கல்லைக் கண்ணெதிரே காட்டினார். அதில் ஏமாற்றில்லை.

மத்தியானம் வார்டில், முதுகில் ஊசி போட்டதால் தலையணை இல்லாமல் கிடந்தேன். காலைத் தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நாலு மணிக்குள் உணர்ச்சி திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது மணி மூன்றரை.

“கிள்ளிக்கினுதான் கீறேன், தெரியுதா?” என்றாள் கமலம்மா.

“இல்ல.”

இந்தமுறை பொய்யில்லை. தறியில் மிதிப்பதாக நினைத்து இடது, வலது என்று மனசுக்குள் மிதித்தேன். போர்வைக்குள் இடது கட்டைவிரல் லேசாக நிமிர்ந்தது. கமலம்மா வலது பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.