நெற்றியில் காட்டிய தொண்ணூற்றேழு

முனிலட்சுமி ஒரு நாளைக்கு எழுநூறு நெற்றி பார்ப்பாள். ஜோசியம் இல்லை கண்ணுகளா, செக்யூரிட்டி வேலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் நிற்பாள். கொரோனா இரண்டாவது தடவை வந்த அந்த மே மாதம் ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோதும் அந்தக் கம்பெனிக்கு ஓட அனுமதி இருந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு பாகலூர் பக்கத்திலிருந்து பஸ் வரும். இறங்கி வருகிறவர்களின் நெற்றிக்கு நேரே ஜுரம் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் திரும்பிப் போ, பதினாலு நாள் வீட்டில் இரு, சம்பளம் கிடையாது. தாண்டாவிட்டால் உள்ளே போ. சட்டம் அவ்வளவுதான்.

முதல் வாரம் தினமும் இருபது பேரைத் திருப்பி அனுப்பினாள்.

"அக்கா, நடந்து வந்த சூடுக்கா. இன்னொரு தபா பாரு."

"பஸ்ஸுக்குள்ளயா நடந்து வந்தே?" என்பாள். ஆனாலும் நிழலில் நிற்கவைத்து இன்னொரு தபா பார்ப்பாள். அதே நம்பர்தான் காட்டும். அந்த முகங்களைப் பார்க்கவே அவளுக்கு அலுப்பாக இருக்கும்.

இரண்டாவது வாரம் அது மூன்று பேரானது, பிறகு ஒருவருமே இல்லை. எல்லார் நெற்றியிலும் தொண்ணூற்றேழு.

"இன்னாம்மே நிர்மலா, பாகலூர்ல கொரோனா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டாள். நிர்மலா அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறவள், தினமும் அந்த பஸ்ஸில் வருகிறவள்.

"வைத்தியர் பொடிக்கா. நாலரைக்கு எழுந்து வெந்நீர்ல ஒரு ஸ்பூன். பஸ் வர்றதுக்குள்ள உடம்பு ஜில்லுனு ஆயிடும். பஸ்ஸே அதைத்தான் குடிக்குது."

வைத்தியர் என்றால் வெங்கடப்பன். பாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஷட்டர் கடை, வெளியே 'மூலிகை மருத்துவம்' என்று பலகை. முனிலட்சுமி வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான். தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்வார், கன்னடத்துக்குக் கன்னடம், தெலுங்குக்குத் தெலுங்கு. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனுசனை மனுசன் தொடப் பயந்த நாள் அது. சொந்த அண்ணன் தம்பியே வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து நாடி பார்த்தார். "பயப்படாதே தாயி, நான் இருக்கேன்" என்றார். ஜனம் வேறு எங்கே போகும், சொல்லுங்கள்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது முனிலட்சுமி அவர் கடையில் நின்று மனசாரச் சொன்னாள்: "ஐயா, உங்க பொடி குடிச்சவங்க யாருக்கும் கேட்ல ஜுரம் காட்டறதே இல்லீங்க. எல்லாம் தொண்ணூத்தேழு."

"இதைக் கொஞ்சம் இதுல சொல்லும்மா" என்று போனை நீட்டினார். சொன்னாள். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. அன்று சாயங்காலமே அவள் குரல் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியது. 'கம்பெனி கேட்டில் சோதித்து நிரூபிக்கப்பட்டது. நூறு சதவீதம் குணம். ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று மேலே எழுதியிருந்தார் வைத்தியர். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம்தான் அவள் புருசன் கங்கப்பனுக்கு உடம்பு சுட்டது. கங்கப்பன் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். கல்யாணம் காட்சி இல்லாமல் பூவை வெட்டிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள், வேலையும் நின்றுபோய் வீட்டில் கிடந்தான். ஆஸ்பத்திரி என்ற பேச்சே எழவில்லை. அவளே போய்ப் பொடி வாங்கி வந்தாள். விடிகாலை ஒரு வேளை, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை.

துப்பாக்கி அவள் பொறுப்பில் இருந்ததால் தினமும் வீட்டுக்கு வரும். மூன்று மணிக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, முதலில் அவன் நெற்றியைப் பார்ப்பாள்.

"இன்னா காட்டுது?"

"தொண்ணூத்தேழு."

"அப்ப நாளைக்கு எழுந்துடுவேன்."

எழவில்லை. ஆறாம் நாள் பாத்ரூமுக்குப் போய்வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வைத்தியருக்குப் போன் போட்டாள்.

"மூச்சு வாங்குதா? நல்லதும்மா" என்றார் அவர். "நெஞ்சுல இருக்கிற கழிவை மருந்து இளக்குது. ஜுரம் இருக்கா?"

"இல்லீங்க."

"பின்னே என்ன. ஜுரமில்லாத கொரோனா உண்டா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா குழாயைச் சொருகுவாங்க, நீ முகத்தைக்கூடப் பாக்க முடியாது."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எழுநூறு பேரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று சொல்லும் மிஷின் தன் புருசன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லுமா?

எட்டாம் நாள் கம்பெனிக்குள் ஒருத்தர் தான் ஓட்டும் மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். மேனேஜர் பயந்துபோய், இனிமேல் வெளியே போகிறவர்களையும் பார்க்கச் சொன்னார். இரண்டு மணிக்கு சங்கு ஊதியது. முனிலட்சுமி துப்பாக்கியைப் பிடித்தாள். முதல் ஆளுக்கு நூறு. அடுத்தவருக்கு நூற்றொன்று. நிர்மலாவுக்கு நூற்றொன்றரை.

"உன் மிஷின் கெட்டுப்போச்சுக்கா" என்றாள் நிர்மலா. கண் இரண்டும் செம்பருத்தியாக இருந்தது.

முனிலட்சுமி தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. கூட நின்ற வாட்ச்மேன் தங்கதுரைக்கும் தொண்ணூற்றேழு. திரும்ப நிர்மலாவுக்கு வைத்தாள். நூற்றொன்றரை.

"காலைல எத்தனை மணிக்குக் குடிச்சே?"

"நாலரைக்கு. அதான் சொன்னேனேக்கா."

அந்த பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் காட்டியது. காலையில் அவள் கையாலேயே உள்ளே விட்டவர்கள். அவள் வெயிலில் நின்று கணக்குப் போட்டாள். நாலரைக்குக் குடித்தது ஆறு மணிக்கு வேலை செய்கிறது, இரண்டு மணிக்குத் தீர்ந்துபோகிறது. ஜுரம் எங்கேயும் போகவில்லை, கேட்டைத் தாண்டும்வரை பதுங்கியிருக்கிறது. வீட்டில் அவன் ஒரு மணிக்குக் குடிக்கிறான், அவள் மூன்று மணிக்குப் பார்க்கிறாள்.

துப்பாக்கியைத் தங்கதுரையிடம் கொடுத்துவிட்டுக் கிடைத்த வண்டியில் ஏறி வந்தாள்.

கங்கப்பன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"இன்னா... இன்னிக்கு... மிஷின் வெக்கலையா?"

அவள் பக்கத்து வீட்டுக் காத்தூனைக் கூப்பிட்டாள். காத்தூனின் புருசன் கௌஸ் மொய்தீன் டெம்போவில் குடைமிளகாய் ஏற்றுகிறவர், காய்கறி வண்டிக்கு ரோட்டில் அனுமதி உண்டு. அவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கங்கப்பனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"வா கங்கப்பா. மிளகாய் மூட்டையே உன்னைவிட கனம்."

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. கடைசியில் இவர்கள் டெம்போ. ஒரு நர்ஸம்மா வண்டி வண்டியாக ஏறி விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கங்கப்பன் விரலில் மாட்டியதும் எழுபத்தெட்டு காட்டியது.

"தொண்ணூத்தேழு... இல்லீங்களா?" என்றான் கங்கப்பன்.

"தொண்ணூத்தேழு இங்கே இருக்கணும்யா. நெத்தில இருந்து என்ன பிரயோஜனம்" என்றார் அந்தம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் அவருக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வரிசை நகர்ந்து, பொழுது இறங்கும் நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜன் கிடைத்தது. டாக்டர் பொடிப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "ஜுர மாத்திரையை இடிச்சுக் கலந்த மாதிரி இருக்கு. டெஸ்ட் பண்ணாம வேற என்னான்னு சொல்ல முடியாது. ஜுரத்தை இது மறைச்சிருக்கு, நோவு உள்ளே அது பாட்டுக்கு வேலை பாத்திருக்கு. நாளைக்கு வந்திருந்தா ஆள் இல்லை" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இருபத்திரண்டு நாள். கங்கப்பன் பிழைத்து வந்தான். நிர்மலாவும் தேறினாள். அந்த பஸ்ஸில் வந்த ராமப்பனும் சின்னராஜும் திரும்ப வரவே இல்லை. கேட்டில் நிற்கும்போது அவர்கள் நெற்றி அவளுக்கு ஞாபகம் வரும். ராமப்பனுக்குப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு.

வைத்தியரைப் போய்க் கேட்டாள். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"பொடி இல்லேன்னா எட்டு நாள் தாங்கியிருப்பாரா தாயி? யோசிச்சுப் பாரு" என்றார்.

பெரிய கொடுமை எது தெரியுமா, கங்கப்பனும் அதையேதான் சொன்னான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அந்தப் பொடிதான் என்னை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் சேத்துச்சு" என்றான். வாய்க்குள் குழாயோடு கிடந்ததை நினைக்கப் பிடிக்காதவன், கையைப் பிடித்து நாடி பார்த்தவரை நினைத்துக்கொண்டான். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவனுக்கு மூச்சு வாங்கும்.

தன் போனில் இன்னொரு பேச்சுப் பதிந்து அனுப்பினாள். "நான் முனிலட்சுமி பேசறேன். முன்னே சொன்னது தப்பு. அது ஜுரத்தைத்தான் மறைக்குது. மூச்சு வாங்கினா ஆஸ்பத்திரிக்குப் போங்க." மூன்று பேர் கேட்டார்கள். ஒருத்தர் கும்பிடு போட்டார். யாரும் அதை வேறு குரூப்புக்கு அனுப்பவில்லை. பழைய குரல் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி மாதேஸ்வரி போன் பண்ணினாள்.

"அக்கா, உன் பேச்சு எங்க ஊருக்கே வந்துடுச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் ரெண்டு பொட்டலம் வரவழைச்சேன். அஞ்சு நாளா குடிக்கறேன். ஜுரமே இல்லை. மாடி ஏறினா மட்டும் கொஞ்சம் எளைப்பு."

கங்கப்பனும் கேட்கட்டும் என்று முனிலட்சுமி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "மாதேசு, இப்பவே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சொன்னது தப்புடி."

"நீ ஏன்க்கா பயப்படறே? மாமாவே பொடியாலதான் பொழைச்சாருன்னு சொல்றாங்களே."

எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. கங்கப்பன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் என்ன சொல்வான் என்று முனிலட்சுமிக்குத் தெரியும். இருந்தாலும் வேறு வழி தெரியாமல் போனை அவனிடம் நீட்டினாள்.

"உங்க வாயாலதான் கேக்கணுமாம். பேசுங்க."

"மாதேசு" என்றான் கங்கப்பன். மூச்சை இழுத்துக்கொண்டான். "பொடி... நல்ல பொடிதான்மா." இன்னொரு மூச்சு. "எனக்கு... ஒண்ணும்..." அதற்குமேல் வரவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உடைந்த துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விட்டான். அந்தப் பக்கம் அந்தச் சத்தம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. முனிலட்சுமி போனை வாங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"மாமா?" என்றாள் மாதேஸ்வரி. "ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? எங்கேயாச்சும் நடந்து வந்தீங்களா?"

கங்கப்பன் தன் காலைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இல்லைம்மா" என்றான். "உக்காந்துதான்... இருக்கேன்."

அந்தப் பக்கம் மாதேஸ்வரி, வீட்டுக்காரரிடம் போலிருக்கிறது, ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்குப் போக யார் வண்டி இருக்கிறது என்று கேட்பது கேட்டது.