காய்ச்சல் கண்ட பெட்டிகள்

மூன்றாவது முறையும் பெட்டிகள் சிவப்பாகத்தான் வந்தன. மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து, வெயில் படாமல் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். ட்ரோன் எடுத்த வெப்பப் படத்தில் குளிர்ந்த இடம் நீலம், மிதமான இடம் பச்சை, சூடான இடம் சிவப்பு. எங்கள் முருங்கைத் தோட்டம் முழுக்க நீலமாக இருக்க, மரங்களுக்கு அந்தப் பக்கம் நிழலில் எங்களிடம் இடம் கேட்டுச் சஃபியாக்கா வைத்திருந்த தேன்பெட்டிகள் மட்டும் அடுப்பில் வைத்ததுபோல் தெரிந்தன. நல்ல தேனீக்கூட்டம் இறக்கையால் விசிறியே கூட்டைக் குளிர வைத்துக்கொள்ளும். இவ்வளவு சூடு என்றால் உள்ளே ஏதோ கோளாறு. காலேஜில் நான் படிப்பதே இதைத்தான், சாட்டிலைட்டை வைத்துப் பூவையும் ட்ரோனை வைத்துப் பூச்சியையும். எனக்குத் தெரியாதா?

அப்பா பின்னால் வந்து நின்றார். அவருக்குப் படம் புரியாது, நிறம் புரியும்.

"என்ன அம்மணி, செவப்பா இருக்குது?"

"பூச்சிக்குச் சீக்கு மாதிரி தெரியுதுங்கப்பா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் அப்பா பொங்கியண்ணன் ஓர் இலை சுருண்டால் கிளையையே வெட்டி எறிகிற மனிதர்.

"அப்படின்னா சாயங்காலமே எடுத்துக்கச் சொல்லிப்போடறேன். சீக்குப் பெட்டி நமக்கு எதுக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கப்பா. இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்றேன்."

எடுத்துக்கொண்டு சஃபியாக்கா எங்கே போவார்? பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றிய சாட்டிலைட் படம் என்னிடம் இருக்கிறது. இந்தப் பங்குனி வெயிலில் பூவென்று இருப்பது எங்கள் முருங்கை ஒன்றுதான். மற்றதெல்லாம் அறுத்துவிட்ட சோளக்காடு, கல் நட்ட வீட்டுமனை. இங்கிருந்து போனால் அந்தப் பூச்சிகள் பட்டினியில் செத்துவிடும். கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து சஃபியாக்கா வளர்க்கிற பூச்சிகள் அவை. அவர் வீட்டுக்காரர் இல்யாஸ் பாய் உக்கடத்தில் விற்கும் தேனெல்லாம் இந்தப் பெட்டிகளில் எடுத்ததுதான்.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. பூ இப்படிக் கொட்டிக் கிடக்கிற இடத்தில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில், ஒரே அளவுக்குக் காய்ச்சல் வருமா? சாதாரணக் கேமரா எடுத்த படங்களைத் திறந்தேன். ட்ரோன் மேலே ஏறும்போதே சும்மா சில படங்களை எடுத்துத் தள்ளும். பிறகு வடக்கே போய், ஏர் ஓட்டுவதுபோலக் கோடு கோடாக வந்து, கடைசியில்தான் பெட்டிகளுக்கு மேலே வரும். ஏறும்போது எடுத்த படங்களை நான் எப்போதும் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். ஒரு மூலையில் ஊதா நிறத் துப்பட்டா ஒன்று முதல் பெட்டியருகே குனிந்திருந்தது. அடுத்த படத்தில் இன்னொரு பெட்டியருகே. அதற்கடுத்ததில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வரப்பில் ஒற்றைச் செருப்பு கழன்று கிடந்தது.

எழுந்து போனேன். சஃபியாக்கா பெட்டி வாசல்களில் அடைத்திருந்த துணியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். வெளியே மாட்டிக்கொண்ட பூச்சிகள் வாசலில் கொத்தாக அப்பிக் கிடந்தன. உள்ளே இருந்தவை மூச்சு வாங்க வருவதுபோல் முண்டிக்கொண்டு வந்தன.

"எதுக்குங்க்கா அடைச்சு வெச்சீங்க?"

"மருந்து அடிக்கறீங்கல்ல கண்ணு." இதிலென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "போன வருசம் காரமடையில ஒருத்தரு தோட்டத்துல பெட்டி வெச்சிருந்தேன். பக்கத்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்க இதே சத்தத்தோடதான் ஒண்ணு வந்துச்சு. பாதிப் பூச்சி வாசல்லயே கொட்டிப்போச்சு. அதுலருந்து இந்தச் சத்தம் கேட்டா ஓடியாந்து அடைச்சுபோடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க்கா."

"உங்க தோட்டம், நீங்க மருந்தடிக்கறீங்க. எடம் குடுத்தவங்ககிட்டப் போயி எப்படிக் கண்ணு கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. ட்ரோனைப் பறக்க விடுவதற்கு முன்னால் யார் யாரிடமோ அனுமதி கேட்டேன். இவரிடம் சொல்ல வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ட்ரோனை எடுத்துவந்து காட்டினேன். இதில் மருந்து டேங்க் கிடையாது, கேமரா மட்டும்தான் என்றேன். சஃபியாக்கா அதன் அடிவயிற்றை விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"அப்பா பெட்டிய எடுக்கச் சொல்றாருங்க்கா," என்றேன். "அடைச்சு வெச்ச சூடுதான் அதுன்னு வாயில சொன்னா ஒத்துக்க மாட்டாரு. நெறத்தைக் காட்டோணும். வெயில் தாழ இன்னொருக்கா பறக்க உடறேன். அப்ப அடைக்காம இருக்கோணும்."

அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த துணிகளைக் கீழே போடவில்லை.

"உடு கண்ணு," என்றார்.

வெயில் தாழ்ந்ததும் அப்பாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு ட்ரோனை விட்டேன். எனக்குப் பயமில்லை. பூச்சிகள் நன்றாக இருக்கின்றன என்று உறுதியாகத் தெரியும். அந்தச் சத்தம் சஃபியாக்காவை என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. ட்ரோன் வடக்கே போய்க் கோடு போட்டுக்கொண்டு திரும்பி வந்து இறங்கியது. படத்தைத் திறந்தேன். பெட்டிகளில் சிவப்பே இல்லை. எல்லாம் பச்சையாகக் குளிர்ந்திருந்தன. நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக இருந்தது.

"அதென்ன அம்மணி, ஒண்ணு மட்டும் இன்னும் காயுது?" அப்பா குனிந்தார்.

"அது பெட்டி இல்லீங்கப்பா."

சாதாரணப் படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினேன். சஃபியாக்கா நிமிர்ந்து நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். துணிகள் கைக்குள் சுருண்டிருந்தன. சுற்றிலும் வாசல்கள் திறந்திருந்தன. ஏறும்போது எடுத்த படத்திலும் அவர் அதே இடத்தில்தான் நின்றார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.