அலுமாரிக்குள் வலை ஊசி

நாயாற்றுக் களப்பில் நாற்பது வருடம் இறால் பிடித்த யாகப்பு, ஒரு காலை தன் தோணியைத் தேடிக் கரையெல்லாம் நடந்தார். தோணி அவருக்குப் பின்னால்தான் கிடந்தது.

"யாகப்பண்ணை, அது களைச்சுப்போச்சுது. நீங்கள் கொஞ்சம் நில்லுங்கோ, அது வந்து சேரட்டும்" என்றான் அவரோடு தொழிலுக்குப் போகும் அனிஸ்ரன். யாகப்புவும் சேர்ந்து சிரித்தார். மகள் சுசிலாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிரான்சிலிருந்த அண்ணனுக்கு எழுதினாள். மூன்று மாதம் கழித்துப் பதிலோடு ஒரு பத்திரிகைத் துண்டு வந்தது. அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளைக் கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் குன்றிப்போகின்றன என்று சிலர் கருதுகிறார்களாம். மருந்து இன்னும் தேடப்படுகிறதாம். இழைமணியை அவளுக்குத் தெரியும். உயர்தர வகுப்பு உயிரியலில் அதன் உள்மடிப்புகளை எத்தனையோ தரம் வரைந்திருக்கிறாள், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து மண்ணெண்ணெயைத் துளித் துளியாக விட்டு எரித்த வெளிச்சத்தில். மின்சாரமில்லாத போர்க்காலத்தில் ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றிய வீடு அது. குறைகிற எதையும் பொத்திப் பொத்தி வைக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, இனிக் களப்புக்குப் போகவேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"உங்கட மூளைக்குச் சக்தி காணாது. இருக்கிறதைச் சேமிக்கவேணும்."

"நான் எப்ப அதைச் செலவழிச்சனான்?" என்று சிரித்தார். ஆனாலும் மகள் சொல்லைத் தட்டவில்லை.

அவர் கிழிசல் தைக்கும் வலை ஊசியை அவள் அலுமாரிக்குள் வைத்தாள். மாலைச் செபமாலையை அவர்தான் முன்னின்று சொல்வார். அதையும் தானே ஏற்றுக்கொண்டாள். கதைக்க வந்த அனிஸ்ரனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். யாகப்பு கதிரையில் களப்பைப் பார்த்தபடி இருந்தார். முதல் மாதங்களில் மடியில் விரல்கள் வலை முடிச்சுப் போடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அதுவும் நின்றது. அப்பா நன்றாக ஓய்வெடுக்கிறார் என்றே அவள் நம்பினாள்.

எட்டு மாதம் கழித்துக் கோவில் வளவில் மருத்துவ முகாம் நடந்தது. யாகப்புவைச் சோதித்த வைத்தியர் அம்மா, சுசிலா சொன்னதையெல்லாம் கேட்டார்.

"இழைமணி பெற்றோல் தாங்கி இல்லைத் தங்கச்சி. தசையில எண்டால் வேலை வாங்க வாங்கத்தான் அது பெருகும். மூளையில என்ன நடக்குதெண்டு எனக்கும் முழுசாத் தெரியாது. இந்த வருத்தத்தை நிப்பாட்ட மருந்தும் இல்லை. ஆனா தெரிஞ்ச வேலையைச் செய்ய விட்டிருக்கலாம். கையாவது இன்னும் கொஞ்சநாள் மறக்காமல் இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் சுசிலா அலுமாரியைத் திறந்தாள். ஊசியில் நூல் சுற்றியபடியே இருந்தது. கிழிந்த வலையொன்றை அவர் மடியில் விரித்து ஊசியைக் கையில் கொடுத்தாள். யாகப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாயிருக்கு. ஆரின்ரை சாமான் இது, தங்கச்சி?"

"உங்கடதான் அப்பா."

"என்ரை இல்லை. உரிய ஆள் தேடும். கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ."

ஒருநாளும் அவர் அவளை இப்படி மரியாதை வைத்துப் பேசியதில்லை.

சுசிலா ஊசியைத் திரும்ப வாங்கவில்லை. அவர் விரல்களை அதன்மேல் மடக்கி, தன் கையால் பொத்திப் பிடித்து, கிழிசலுக்குக் கொண்டுபோனாள். முதல் முடிச்சு அவிழ்ந்தது. அவள் மறுபடி தொடங்கினாள்.