ஸ்பீக்கர் காந்தம்

தம்பியை மன்னித்துவிட்ட கதையை அண்ணன் சொல்லாத வீடு சொந்தத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. நல்லது கெட்டதுக்குப் போன இடத்தில், சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதும் ஆரம்பித்துவிடுவார். "கூடப் பிறந்தவனாச்சே, விட்டுற முடியுமா? வண்டி ஓட்டும்போதே தூங்கிட்டான். என் பொண்டாட்டி கால் போச்சு. ஆனாலும் மன்னிச்சுட்டேன்." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த உச்சு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் முறை சொல்லும்போது குரலை இன்னும் கொஞ்சம் இறக்குவார்.

தம்பிக்கு அதிலிருந்து தூங்குமூஞ்சி என்று பெயர் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட தூங்குமூஞ்சிச் சித்தப்பா என்று கூப்பிட்டன, யாரும் அதட்டவில்லை. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். வண்டி ஓட்டுவதுதான் அவன் பிழைப்பாக இருந்தது. விபத்துக்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லை. பார்சல் குடோன் ஒன்றில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணனின் அந்தப் பிக்கப் வண்டி ஒன்பது வருஷமாக வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. முன்பக்கம் இடது மூலை சுவரில் மோதி உள்ளே போனதால் அதற்கும் ஒரு பெயர்: மூக்குடைஞ்சான். போன வருஷம் அண்ணனுக்குத் திடீரென்று ஒரு பெருந்தன்மை வந்தது. வண்டியைத் தன் கையாலேயே சரிசெய்து தம்பிக்கே கொடுத்துவிடுவது, அவன் மறுபடி ஓட்டிப் பிழைக்கட்டும் என்று. மன்னித்தவன் வண்டியும் கொடுத்தான் என்றால் உச்சு இரட்டிப்பாகும் என்ற கணக்கும் உள்ளே இருந்திருக்கும். ஆனால் ஆசை பொய்யில்லை. தம்பி நாடா ஒட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு மாதம் பாடுபட்டார். பட்டறையில் லேத் மெஷின் ஓட்டும் கை, சும்மா இருக்குமா? துருவைச் சுரண்டினார். ஓட்டை விழுந்த தரையை வெட்டி எறிந்துவிட்டு வேறு தகடு வைத்தார். நசுங்கிய மூக்கை மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் இருமி, கறுப்பாகத் துப்பி, கடைசியில் ஓடியே விட்டது. இடது முன்சக்கரத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கேட்டால், பாகம் வரவில்லை என்பார். பாகம் வந்து மூன்று மாதமாகிறது.

இந்த ஞாயிறு தப்பிக்க வழியில்லை. மூன்று மணிக்குத் தம்பி வருகிறான், ஸ்டீரிங்கை முடித்துவிட்டு அவனே கேட் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையிலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அண்ணன் அடியில் படுத்தார். சக்கரத்தைத் திருப்புகிற கம்பி, டை ராட், கழன்று தொங்கியது. மோதினதில் பிய்ந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். துணியால் நுனியைத் துடைத்தார்.

மரை அப்படியே இருந்தது. ஒரு சுற்றுகூடச் சிதையவில்லை. நட் கழலாமல் இருக்கக் குறுக்கே செருகிக் காலை வளைத்துவிடுகிற காட்டர் பின்னின் ஓட்டை சுத்தமாக, வட்டமாக இருந்தது. நட்டைக் காணவில்லை. முப்பது வருஷமாக மரை வெட்டுகிற மனிதருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பிய்ந்து வந்திருந்தால் மரை நசுங்கியிருக்கும், அறுந்த பின்னின் துண்டாவது ஓட்டையில் இருந்திருக்கும். இது மோதுவதற்கு முன்னாலேயே நட் தானாகச் சுழன்று விழுந்த கம்பி.

டார்ச்சை மேலே திருப்பினார். சேசிஸின் உள்பக்கம், காய்ந்த சேற்றுக்கட்டி ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் நெம்பினார். சேறு உதிர்ந்தது. உள்ளே அவருடைய காந்தம்.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. அவர் வேலை செய்கிற விதமே அதை வைத்துத்தான். கழற்றுகிற நட்டு, வாஷர், பின் எல்லாவற்றையும் அதில் ஒட்டி, கைக்கெட்டும் இரும்பில் காந்தத்தை ஒட்டிவிடுவார். காந்தம் காலியானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இந்தக் காந்தத்தைக் காணோம் என்று ஒன்பது வருஷத்துக்கு முன் வீட்டையே தலைகீழாக்கி, கடைசியில் தம்பிதான் தொலைத்தான் என்று முடிவுகட்டியிருந்தார்.

காந்தம் காலியாக இல்லை. ஒரே ஒரு காட்டர் பின் அதில் ஒட்டியிருந்தது. இரண்டு காலும் நேராக, ஒருமுறைகூட வளைக்கப்படாமல்.

படுத்த வாக்கிலேயே எல்லாம் நினைவுக்கு வந்தது. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். "மெக்கானிக்கிட்ட விட்டுறலாமே அண்ணே" என்றான் தம்பி. "மயிரிழை பிசகாம மரை வெட்டுறவன்டா நான், எனக்கு மெக்கானிக்கா?" என்று எகிறிவிட்டுத் தானே புது டை ராட் மாட்டினார். நட்டை முடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் பின்னைப் போடலாம் என்று உள்ளே ஓடினார். மழை விடவில்லை. காலையில் தம்பி கம்பெனி வண்டியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, "தூக்கமா இருக்கு அண்ணே" என்றபோது, "அண்ணியை அவங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்து தூங்கு. வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தது யார்? இவரேதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி அழுதான். "திருப்பினேன் அண்ணே. சத்தியமா ஸ்டீரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பல." "தூங்கிட்டுச் சாக்கு சொல்லாதேடா" என்றார் இவர். பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவிக்குக் கண் அசந்திருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பார்க்கிற போதெல்லாம் இவர் கேட்டுக் கேட்டு, மூன்றாம் மாதம் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தூங்கித்தான் போயிருப்பேன் போல" என்றான். இப்போதுதான் உண்மையைப் பேசுகிறான் என்று அன்றைக்குத்தான் அவனை மன்னித்தார்.

வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து பின்னைச் சட்டைப் பையில் போட்டார். காந்தத்தை அழுக்குத்துணியில் சுற்றி டூல்ஸ் பெட்டியின் அடியில் செருகினார். ஆள் பார்க்காத இடத்தில் திருடன் செய்கிற வேலை, அதை அவரும் உணர்ந்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது? நொண்டுகிற கால் நிமிர்ந்துவிடுமா? வண்டியைத்தான் கொடுக்கப்போகிறோமே, கணக்கு சரியாகிவிடாதா? இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு மூன்று மணி வரை வாதாடினார்.

சந்துப் பக்கத்து அறை ஜன்னலோரம் அவர் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். வலது காலால் மட்டும்தான் மிதிப்பாள். "என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். "வெயில்" என்றார். வானம் மூடியிருந்தது. அவள் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் துணியைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி வந்தான். வரும்போதே சிரிப்பு. "மூக்குடைஞ்சானுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா அண்ணே?" சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடியில் நுழைந்தான். புது டை ராட், புது நட், புதுப் பின். பின்னின் கால்களை வளைத்தபின் அவர் கையை இழுத்துத் தொடவைத்துக் காட்டினான். "சரியா இருக்கா அண்ணே? இன்னொரு தடவை பாருங்க. எனக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது." அவர் வேறு பக்கம் பார்த்தபடி தலையாட்டினார். அவன் கவனிக்கவில்லை.

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார்கள். தம்பி ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டான். கிளட்சை மிதித்த கால் மிதித்தபடியே நின்றது. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வண்டி நகரவில்லை.

"என்னடா?"

"முடியல அண்ணே."

"கேட் வரைக்கும்தானேடா. பதினஞ்சு அடி."

"பதினஞ்சு அடியில தூங்கிட்டா?" அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உங்ககிட்ட சொன்னதில்ல. பாப்பாவைத் தூக்கிட்டு நான் மாடிப்படி இறங்க மாட்டேன். அவ அம்மாதான் தூக்கிட்டு வருவா. குளிப்பாட்டும்போது தனியா இருக்க மாட்டேன். அன்னிக்கு முழிச்சுட்டு இருக்கேன்னுதானே நெனச்சேன்? கண்ணு முன்னால சுவர் வர்றது நல்லாத் தெரிஞ்சுது. அதுவே கனவுன்னா, இப்ப உங்ககிட்ட பேசிட்டு இருக்கேனே, இது முழிப்பா தூக்கமான்னு நான் எதை வெச்சு நம்புறது?"

அதுவரை வாதாடிய வக்கீல் வாயடைத்துப் போனான். அண்ணன் வண்டி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து அழுக்குத்துணியைப் பிரித்தார். பையிலிருந்த பின்னைக் காந்தத்தின் மேல் விட்டார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே தம்பியின் மடியில் வைத்தார்.

"இது நான் தொலைச்ச காந்தமாச்சே" என்றான் தம்பி.

"நீ தொலைக்கல. இந்தச் சக்கரத்துக்கு மேலதான் இருந்துச்சு."

தம்பி பின்னை எடுத்துப் புரட்டினான். நேரான கால்களைத் தடவினான். அண்ணனின் வேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். காந்தம் காலியாகாமல் வேலை முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

"இதைப் போடலையா நீங்க?"

"மழை வந்துச்சுடா." முதலில் வாயில் வந்தது மழைதான். அதைக் கேட்டு அவருக்கே கூசியது. "இல்ல. நான் போடல. நான்தான் மறந்துட்டேன். நட் கழண்டு விழுந்திருக்கு. நீ திருப்பினது சக்கரத்துக்குப் போகவே இல்ல."

"அப்ப நான் தூங்கலையா?"

"தூங்கலடா."

"நல்லாத் தெரியுமா?"

"மரையைப் பார்த்துட்டேன். நீ தூங்கல."

தம்பி வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தையல் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. "அண்ணி" என்றான், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி. "நான் தூங்கலையாம் அண்ணி."

ஸ்டீரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அண்ணன் அவன் தோளைத் தொடப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். தொட என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் இறங்கினான். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையை இரண்டு முறை கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பின்னை அதன் பையில் போட்டான். அண்ணன் நீட்டிய வண்டிச் சாவியை வாங்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. "பாப்பா தூங்கி எழுந்திருக்கும். நான்தான் இன்னிக்குக் கீழ தூக்கிட்டு வரணும். வரேன் அண்ணி" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனான்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளேயிருந்து அவள் வந்தாள். இடது செருப்புக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கூடுதல் அடிப்பாகம் வைத்துத் தைத்திருக்கும், நடந்தால் தட்டும். அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எத்தனை வீட்டுல சொன்னீங்க?" என்றாள்.

"எதை?"

"அவரை மன்னிச்சதை."

எண்ணினால் தெருத்தெருவாக எண்ண வேண்டும்.

"அத்தனை வீட்டுக்கும் போறோம். அதே மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதைச் சொல்லணும். நானும் கூட வரேன். அந்தப் பேரை நானும்தான் சொல்லிக் கூப்பிட்டேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல எங்க?" என்றார் அவர்.

"அவர் பொண்டாட்டிகிட்ட. பொண்ணு பேசப் போன அன்னிக்கே, இவன் கையில வண்டிச் சாவியைக் குடுத்துறாதீங்கம்மான்னு சொல்லிச் சிரிச்சீங்களே, அவகிட்ட."

கையிலிருந்த சாவியோடு பழக்கதோஷத்தில் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"அதை வெச்சுட்டு வாங்க" என்றாள். "அது அவர் வண்டி. நாம நடந்து போவோம்."

அவர் எப்போதும் பத்தடி முன்னால் போய் நின்று அவளைத் திரும்பிப் பார்க்கிறவர். அன்று தெருவின் கடைசி வரை, அந்தச் செருப்பு தட்டுகிற சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, அவள் கூடவே நடந்தார்.