எதிரே நிற்பவரின் கால்

காதோரம் குனிந்த சலூன்காரர் நிமிரவில்லை. ஏதோ ரகசியம் சொல்லப்போகிறார் என்று நாற்காலியிலிருந்த வேலியாரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். உச்சி வழுக்கையைச் சுற்றி வேலி போட்டதுபோல் முடி நின்றதால் தெரு வைத்த பெயர் அது. வெகுநேரம் கழித்து வந்த ரகசியம், “ஐயோ” என்பதுதான்.

“மறுபடியும் புடிச்சுக்கிச்சா?”

“புடிச்சது விடமாட்டேங்குது.”

நாற்காலிச் சாய்மானத்தில் முழங்கையை ஊன்றி, சலூன்காரர் கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். இடுப்பில் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை மிதிக்கிறது. அதுவரை அவரைப் பார்த்த இரண்டு டாக்டர்களுக்குள் சண்டையில்லை. பிதுங்கிய துணுக்கை மட்டும் நறுக்கினால் போதும், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாமவர். டிஸ்க்கையே எடுத்துவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும் என்றார் இரண்டாமவர். சும்மா விட்டால் பாதம் செத்துத் தொங்கிவிடும் என்பதில் மறுபடியும் இருவருக்கும் ஒற்றுமை. தொங்கும் பாதத்தோடு நாளெல்லாம் நிற்க முடியாது. உட்கார்ந்துகொண்டு முடிவெட்டுகிற ஆளை உலகம் இன்னும் பார்க்கவில்லை.

நறுக்குவது அவருக்குத் தெரிந்த தொழில். நறுக்கியது மறுபடி வளரும் என்பதும் தெரிந்த தொழில்தான். அதனால் மனம் அவ்வப்போது ஸ்க்ரூ பக்கம் சாயும்.

“ஸ்க்ரூ மட்டும் வேணாம்,” என்றார் வேலியார். “என் மச்சானுக்குப் போட்டாங்க. இப்ப அவன் ஃப்ரிட்ஜ் பக்கமா நடந்தாலே கதவு தானா தொறந்துக்குது. எந்தங்கச்சி வெண்ணெய ஒளிச்சு வைக்க எடமில்லாம தவிக்கிறா.”

“அப்ப நறுக்கிடட்டுமா?”

“நறுக்கிக்கிட்டவன் கதை இதைவிட மோசம்,” என்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் உறையோடு சலூன்காரரின் மனைவி உள்ளே வந்தாள்.

“என்னங்க, ரெண்டு ஆஸ்பத்திரியிலருந்தும் போன் மேல போன். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம். ரெண்டாவது டாக்டர் எதுக்கு ஸ்க்ரூங்கறாருன்னு இப்பத்தான் கேட்டேன். டிஸ்க் பிதுங்கினது இடப்பக்கம், வலி வலது கால்ல, ஒன்னுக்கொன்னு ஒத்துவரல, அதான் டிஸ்க்கையே எடுத்துடணும்னாங்க. உங்களுக்கு வலது கால்லயா வலிக்குது?”

“இடது.”

“அவர்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?”

“நான் எங்க சொன்னேன்? எதிர்ல உக்காந்து, தன் காலைத் தட்டி, ‘இங்கயா’ன்னாரு. ஆமான்னேன்.”

மனைவி எதிரே நின்று தன் வலது தொடையைத் தட்டினாள். “இப்படியா?”

“அதேதான். இடது.”

வேலியார் நாற்காலியோடு திரும்பினார். “யோவ், அது அந்தம்மாவோட வலது கால்யா.”

சலூன்காரர் திகைத்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடியோடு பேசிய மனிதர். எதிரே ஒரு முகம் தெரிந்தால் அது கண்ணாடிக்குள் இருக்கிறது என்றே அவர் உடம்பு நினைத்துக்கொள்ளும். எதிரே வருகிறவர் ஒதுங்கும் பக்கமே பிம்பம்போல் தானும் ஒதுங்கி, தெருவில் பாதிப் பேரோடு முட்டியிருக்கிறார்.

“அப்ப மொத டாக்டர் சொன்னதுதான் சரி. நறுக்கிடலாம்,” என்றாள் மனைவி.

“அவசரப்படாதம்மா,” என்றார் வேலியார். “இவர் இடதுங்கறாரே, அது எந்தக் கண்ணாடியில பாத்த இடது?”

சலூன்காரர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். சுளீரென்று இழுக்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தது கண்ணாடிக்குள் நொண்டிய ஆளைத்தான். அந்த ஆளுக்கு எந்தக் கால்?

மனைவி கைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து மண்டியிட்டாள். “பேண்ட்டத் தூக்குங்க. கண்ண மூடுங்க. வலிக்கிற காலைச் சொல்லுங்க, கோடு போட்டே கூட்டிட்டுப் போறேன்.”

கண்ணை மூடினார். காலையிலிருந்து பிடுங்கி எடுத்த வலி, விருந்தாளியைக் கண்ட பூனைபோல் எங்கோ பதுங்கிக்கொண்டது.

“என்னங்க?”

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு காலும் வாயத் தொறக்கல.”

கைப்பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மூடி கழற்றிய பேனா இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே, சற்று இந்தப் பக்கம், சற்று அந்தப் பக்கமாக நகர்ந்தபடி, முனை காய்ந்துகொண்டிருந்தது.